யாருக்கு இந்த மெடல்?

திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்த நாளில் அவருடைய வலது காது செவிடாகிப் போனது. அதன் பிறகு, பக்கத்தில் நிற்பவரிடம்கூட ஊரே கேட்கும்படி கதைப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. மருதமுனைக்காரர், அப்போது படையில் இருந்தவர்; ஊரில் எல்லோருக்கும் ‘காக்கா’, அதாவது அண்ணன். நெடிய மனிதர், கழுத்து முழுக்கத் தீப்பட்ட தழும்பு.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், இரண்டாம் உலக யுத்தத்தில் சேவை செய்தவர்களுக்குக் கல்முனையில் மெடல் கொடுத்தார்கள். பெயரைக் கூப்பிட்டு, பெட்டியை எடுத்துக் கொடுக்கும் கிளாக்கர் நான். அவர் தனியாக வரவில்லை. பெரியநீலாவணை மீனவ நண்பர் ஒருவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்.

“இவருக்கும் ஒண்டு தாங்க, ஐயா,” என்றார், மெடல் கொடுக்க வந்திருந்த அதிகாரியிடம்.

“அவர் துறைமுகத்தில கூலிக்கு நிண்டவர், காக்கா. படையில பதிஞ்ச ஆக்களுக்குத்தான் மெடல்.”

“நெருப்புக்குள்ள கிடந்த என்னைத் தூக்கினவர் இவர்தான். படையில பதிஞ்ச ஆக்களெல்லாம் ஓடிட்டாங்க!”

“சட்டம் அப்படி. நான் என்ன செய்ய?”

அவர் தன் மெடலை வாங்கினார். அங்கேயே அதை நண்பரின் சட்டையில் குத்தினார். நண்பர் கூச்சத்தோடு கழற்றப் போனபோது, அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

அதிகாரி எழுந்தார். “மத்த ஆக்கள்ட மெடலைப் போடுறது குற்றம். கழட்டச் சொல்லுங்க.”

“நான் சொல்லமாட்டன். ஏலுமெண்டா நீங்க வந்து கழட்டுங்க!”

அதிகாரி மேசையைத் தாண்டி வரவில்லை. இருவரும் நிமிர்ந்து நடந்து வெளியேறினார்கள். அடுத்தவரின் பெயரை நான் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதிகாரியும்தான்.