லிஃப்ட் குழியில் கிடந்தவனின் அக்கா

எடமலைப்பட்டி புதூரில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் மலர்க்கொடி. பிரேக்கை விட்டுவிட்டு நேரே சுவரில் போய் முட்டுகிறவர்களிடம்கூடக் குரலை உயர்த்த மாட்டாள். தனக்குள் இவ்வளவு கோபம் இருக்கிறது என்பது தம்பி செத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

தம்பி அருள்ராஜ் எலெக்ட்ரீஷியன். ஸ்ரீரங்கத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடியில் வயரிங் வேலை. சூப்பர்வைசர் ஒயர் சுருள்களைக் கடத்தி விற்கிறான் என்று அக்காவிடம் புலம்பியிருந்தான். "நாளைக்கு முதலாளி கேட்டா என் தலையிலதான்க்கா விழும். நானே அவர்கிட்ட சொல்லிடப் போறேன்" என்றான்.

அவன் சொல்வதற்குள் மலர்க்கொடிக்குப் போன் வந்துவிட்டது. லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் பிணமாகக் கிடக்கிறானாம்.

மலர்க்கொடி போய்ச் சேர்வதற்குள் உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே நின்ற எஸ்.ஐ. ஏற்கெனவே முடிவுக்கு வந்திருந்தார்.

"குடிச்சிருக்கான். கால் தவறி விழுந்துட்டான்."

"குடிப்பான் சார், மறைக்கலை. ஆனா பின்மண்டையில அடி இருக்கே? போனையும் காணோம்."

"விழுந்தா எங்க வேணாலும் அடிபடும்மா. கையெழுத்தைப் போடுங்க, பாடியை வாங்க வேணாமா?"

கண்ணீரில் எழுத்தே தெரியவில்லை. போட்டாள். தம்பி போதையில் தவறி விழுந்தான், சாவில் தனக்குச் சந்தேகம் இல்லை என்று தானே சொன்னதாக அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

காரியம் முடிந்ததும் அந்தக் கட்டடத்துக்குப் போனாள். குழியைக் கழுவி, சிமென்ட் பூசி, மொழுமொழுவென்று வைத்திருந்தார்கள்.

"யாருங்க பூசச் சொன்னது?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"போலீஸ்தான் பார்த்துட்டுப் போயிட்டாங்களே, வேலையை ஆரம்பின்னு சூப்பர்வைசர் சொன்னாரு."

தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தவளை எதிர்வீட்டு மாமி கூப்பிட்டார். குமுதவல்லி, ரிட்டயர்டு டீச்சர்.

"நீ அந்தப் பிள்ளையோட அக்காவா? அன்னிக்கு விளக்கேத்தினதுக்கு அப்புறம் அங்க ஒரே சண்டை. 'என்னை மாட்டிவிடப் பாக்கறியா'ன்னு ஒருத்தன் கத்தினான். அப்புறம் தொம்முன்னு ஒரு சத்தம். போலீஸ் வருவா, கேப்பான்னு வாசலையே பாத்துண்டிருக்கேன். ஒருத்தரும் வரலை. எங்காத்துக் கேமராவுல போறவா வரவா எல்லாம் பதிஞ்சிருக்கும். ஆனா பழசு தானா அழிஞ்சுடும், சீக்கிரம் வந்து எடுத்துக்கச் சொல்லு."

மலர்க்கொடி ஸ்டேஷனுக்கு ஓடினாள். "நீங்க யாரும் அதைத் தொடாதீங்க. நாங்க எடுத்தாத்தான் கோர்ட்டுல செல்லும்" என்றார் எஸ்.ஐ. நல்ல வார்த்தை என்று நம்பிக் காத்திருந்தாள். அடுத்த முறை போனால் கோயில் பந்தோபஸ்து. அதற்கடுத்து மந்திரி வருகை. ஒரு வழியாக ஒரு கான்ஸ்டபிள் வந்து பார்த்தபோது, அந்த நாள் பதிவு அழிந்திருந்தது. 'பதிவு ஏதும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

"நீங்கதானே சார் தொடாதேன்னீங்க!" ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் மலர்க்கொடி.

"சத்தம் போடாதீங்கம்மா. இது ஸ்டேஷன்."

"ஸ்டேஷன்னு தெரிஞ்சுதான் சார் வந்தேன்!"

எஸ்.ஐ.யைப் பற்றி மேலதிகாரியிடம் புகார் மனு கொடுத்தாள். அந்த மனு எங்கெங்கோ சுற்றி, விசாரிக்கச் சொல்லி அதே எஸ்.ஐ. மேஜைக்கு வந்தது. அவரே போன் செய்து கூப்பிட்டார். "என்னைப் பத்தி என்னம்மா எழுதியிருக்கீங்க?" அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பிறகு அவள் போய்ப் பார்த்த வக்கீல் பாக்கியமேரிதான் கேஸை மதுரை ஹைகோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். எதிர்வீட்டில் இருப்பவரை ஏன் விசாரிக்கவில்லை என்று நீதிபதி கேட்க, அரசு வக்கீல் ஃபைலைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். வேறு அதிகாரியிடம் விசாரணை போயிற்று. வந்த இன்ஸ்பெக்டர் முதல் வேலையாக அருள்ராஜின் போனைத் தேடினார். மணப்பாறைப் பக்கம் ஒருவர் அதை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். விற்றது சூப்பர்வைசர்.

"போன் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டா, யார் கையில இருக்குன்னு வந்துடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர், அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து.

ஒரு மெயில்! அதற்கா இத்தனை படி ஏறி இறங்கினேன்?

சூப்பர்வைசர் கைதானான், ஜாமீனிலும் வந்தான். எஸ்.ஐ.க்கு ஒரு மெமோ. அதோடு சரி. கேஸ் திருச்சி கோர்ட்டில் விசாரணைக்கு வந்தபோது, அவள் போட்ட கையெழுத்தையே எதிர்த்தரப்பு வக்கீல் தூக்கிக் காட்டினார். "அப்ப சந்தேகமில்லைன்னு சொன்னது நீங்கதானே?"

"நான் சொல்லலைங்க. எழுதி வெச்சு நீட்டினாங்க" என்றாள்.

அடுத்துக் கூண்டேறியவர் குமுதவல்லி. இத்தனை காலம் கழித்து இவ்வளவு துல்லியமாக எப்படி ஞாபகம் இருக்கிறது என்று வக்கீல் மடக்கினார்.

"நான் அன்னிக்கே சொல்லத் தயாரா வாசல்ல நின்னேன். கேக்க ஆள் வரலை. வராதவாளை விட்டுட்டு என்னைக் கேக்கறேளே!"

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். தம்பி போனதிலிருந்து அவன் தரப்பில் சொன்ன ஒரு வார்த்தையை அதிகாரத்தில் உள்ள ஒருவர் மாற்றாமல் எழுத வைத்தது அன்றுதான். தீர்ப்பு இன்னும் வரவில்லை. மலர்க்கொடி வாய்தா தவறாமல் போய்க்கொண்டிருக்கிறாள்.