ஜெசிந்தாவுக்குச் சொல்லாத நோட்டீஸ்

காஞ்ச சாதாளையின்ரை மணம்... உப்பும் சேறும் கலந்த ஒரு மணம். எங்கடை தாவரவியல் லாபிலை ஒரு மூலை முழுக்க அதுதான். கடலிலை பிடுங்கின சாதாளைப் புல்லைப் பழைய பேப்பருக்கு நடுவிலை வைச்சு, மேலை கல்லு ஏத்திக் காயப்போட்டிருப்பாள் ஜெசிந்தா.

அவள் நெடுந்தீவு. தகப்பனுக்குக் கடற்தொழில். நான் ஊர்காவற்துறை. டிகிரி முடிச்சு, ரெண்டு பேரும் ஒரு வருசம் லாபிலை பிள்ளையளுக்குச் செய்முறை காட்டுற டெமோவா இருந்து, பிறகு எம்.பில்லுக்குப் பதிஞ்சனாங்கள். அவள் சாதாளை, நான் கண்டல் மரம்.

டெமோ முடிய சம்பளமும் நிண்டிட்டுது. ஆய்வுக்குப் பதியிறது லேசு... இழுத்துக்கொண்டு போறதுதான் கஷ்டம். பதிவுக் காசு, கெமிக்கல், பஸ், போட்... பின்னேரத்திலை டியூசன் குடுத்துச் சமாளிச்சம். வெளிநாட்டு ஸ்கொலர்ஷிப்புகளுக்கும் போட்டுப் பாத்தம். கடிதம் "வருந்துகிறோம்" எண்டு தொடங்கினா மிச்சத்தை வாசிக்கிறேல்லை.

ஒருக்கா தகப்பனுக்குச் சுகமில்லை எண்டு அவள் ஊருக்குப் போனாள். அந்தக் கிழமை காத்துக் கடுமை. குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் நெடுந்தீவுக்கும் போட் ஓடேல்லை.

செவ்வாய்க்கிழமை காலமை நோட்டீஸ் போர்ட்டிலை ஒரு தாள். ப்ரொஜெக்ட் ஒண்டுக்கு ஆய்வு உதவியாளர் தேவையாம். மாதாந்த அலவன்ஸ், பதிவுக் காசும் அவையளே கட்டுவினம். ஒராள்தான். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கடல் தாவரங்களிலை அனுபவம் இருந்தா நல்லது எண்டும் போட்டிருந்தது.

வாசிச்ச உடனை விளங்கீட்டுது... இது அவளுக்குரியது.

அவளின்ரை வீட்டிலை சிக்னல் இல்லை. ஆனா பக்கத்துக் கடை நம்பர் என்னட்டை இருந்தது. விண்ணப்பத்தை ஈமெயிலிலையும் அனுப்பலாம். அவளின்ரை சி.வி. என்ரை பென் டிரைவிலையே கிடந்தது.

கடைக்குக் கோல் எடுத்தனான். ஒருக்கா ரிங் போச்சுது.

கட் பண்ணிட்டன்.

"இன்னும் படிக்கப்போறியோ, ஒரு வேலையைப் பாக்கப்போறியோ?" எண்டு அம்மா ஒவ்வொரு கிழமையும் கேட்ட காலம் அது. இதுவும் இல்லையெண்டா நான் விட்டிட்டுப் போகத்தான் வேணும்... அப்பிடி எனக்கு நானே சொல்லிக்கொண்டன்.

நான் மட்டும் விண்ணப்பம் குடுத்தன். எனக்குக் கிடைச்சுது.

போட் ஓடத் தொடங்கியும் தகப்பனோடை கொஞ்ச நாள் நிண்டிட்டுத்தான் ஜெசிந்தா வந்தாள். நேரா வந்து என்ரை கையைப் பிடிச்சாள்.

"ஒராளுக்கெண்டாலும் கிடைச்சுதேயடி!"

பிறகு மெதுவாக் கேட்டாள். "எப்ப நோட்டீஸ் போட்டவை?"

"நானும் கடைசி நாள்தான் கண்டனான். உனக்கு எடுக்க ஏலாமப் போச்சுது."

"ஓமடி... காத்து நேரம் எங்கடை பக்கம் லைனும் ஒழுங்கா வராது."

என்ரை பொய்க்குக் காரணத்தையும் அவளே தந்தாள்.

இன்னும் மூண்டு மாசம் இழுத்துப் பாத்தாள். தகப்பன் திரும்பக் கடலுக்குப் போகேல்லை. தங்கச்சிமார் ரெண்டு பேர் படிச்சுக்கொண்டிருந்தவை. நெடுந்தீவிலை ஒரு பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கக் கேட்டவுடனை போயிட்டாள். போகேக்கை அந்தச் சாதாளைத் தாளெல்லாத்தையும் என்னட்டைத் தந்திட்டுப் போனவள். "உன்ரை ப்ரொஜெக்டுக்கு உதவும், வைச்சிரு."

உதவினது. என்ரை ஆய்விலை ஒரு அத்தியாயம் முழுக்க அதுதான். நன்றியுரையிலை அவளின்ரை பேர் இருக்கு... ஒரு வரி.

இப்ப நான் அதே துறையிலை விரிவுரையாளர். இந்தக் காலத்திலை ஒரு கிராண்ட், ஒரு அலவன்ஸ் எண்டா, அஞ்சு நிமிசத்திலை வாட்ஸ்அப் குரூப்பிலை எல்லாருக்கும் போயிடும். தீவுப் பிள்ளையளுக்கு நான் தனியா எடுத்தும் சொல்லுவன். "மிஸ் நல்லவ" எண்டு அதுகள் கதைக்குங்கள். அதைக் கேக்க ஏலாமக் கிடக்கும்.

போன வருசம் இறங்குதுறையிலை ஜெசிந்தாவைக் கண்டனான். அவள் படிப்பிச்ச பெட்டை ஒண்டுக்கு எங்கடை கம்பஸ் கிடைச்சிருக்காம். "நீ இருக்கிறாய் எண்ட தைரியத்திலைதான் அனுப்புறன். பாத்துக்கொள்ளடி."

எல்லாத்தையும் சொல்லுவம் எண்டு வாய் வரைக்கும் வந்தது.

"ஓம், அனுப்பு" எண்டு மட்டும் சொன்னன்.

அவள் பேஸ்புக்கிலை இல்லை. அதாலைதான் இதை இஞ்சை எழுத ஏலுது.