எதிராளியின் வண்டி

பக்கத்து வீட்டுச் செல்லையாவின் மாட்டுக் கொட்டிலிலிருந்து வரும் கழிவுநீர் எங்கள் அடுப்படிச் சுவரை ஊறவைத்துக்கொண்டே இருந்தது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அப்பா, ஒருநாள் என்னிடம், "நீ படிச்சது எதுக்குடா? கேசைப் போடு" என்றார். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உத்தமபாளையம் முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்தேன்.

கோம்பையில் எங்கள் தெருவில் செல்லையாவிடம் மட்டுமே மாட்டுவண்டி இருந்தது. அதனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாதியும் பிரதிவாதியும் ஒரே வண்டியில் போய், ஒரே வண்டியில் அலுத்துத் திரும்பினோம்.

கடைசியில் நாங்கள் ஜெயித்தோம். திரும்பும் வழியில் செல்லையா, "தம்பி, தோத்துட்டேன்னு மட்டும் வக்கீலய்யா சொன்னாக. நான் இப்ப என்ன செய்யணுமாம்?" என்று கேட்டார்.

அவருடைய மாடுகள் இழுக்கும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு நான்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"கொட்டிலைப் பிரிக்கணும் சித்தப்பா."

"வேற எடம் ஏது? மாட்டை வித்துற வேண்டியதுதான்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, வண்டியிழுக்கும் மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "ஏலே, வித்துக்கித்துத் தொலைச்சிராத. எங்க கொல்லை சும்மாதான கெடக்கு? அங்கன கட்டு" என்றார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே? இம்புட்டு நாளா மாட்டுக்கும் கால் வலிச்சிருக்காது" என்று செல்லையா சிரித்தார்.

எத்தனையோ மனுக்கள் எழுதிய எனக்கு, வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடம் ஒருநாளும் கண்ணில் படவில்லை. அந்த வழக்கில் ஜெயித்த களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.