பாலிகைக்கு வைத்த விளக்கு

என் கன்னத்தில் விழுந்த அந்த அறை எனக்குச் சேர வேண்டியது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாப்பிள்ளை குளுவாங்கில் ரப்பர் தோட்டக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். மனைவியை இழந்தவர், தலையில் பாதி நரை. நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று அத்தை ஒருமுறை சொன்னாள். “உன்னை யாரு கேட்டா?” என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாரும் பேசியது பாலிகையைப் பற்றித்தான். மண்கிண்ணங்களில் நவதானியம் விதைத்து, முளைவிட்டதும் கல்யாண மேடையில் கொண்டுபோய் வைப்பார்கள். செழித்து நின்றால் குடும்பம் செழிக்கும். அழுகினால் அபசகுனம். மாப்பிள்ளை வீட்டார் இதில் கண்டிப்பானவர்கள். ஏற்கெனவே ஒரு பெண்ணை, தட்டு மாற்றிய பிறகு, சகுனம் சரியில்லை என்று விட்டுவிட்டு வந்தவர்களாம். அம்மா கிண்ணம் வைக்க மூலை மூலையாக இடம் தேடினாள்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் வெயிலே கிடையாது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தோம். முன்னறையில் வேறு குடும்பம். எங்களுக்கு நடு அறை, சன்னல் இல்லாத அறை. மொட்டைமாடியில் வைக்கலாம் என்றால் கார்த்திகை மழை, போதாததற்கு எலி. அந்த அறையில் துணியே காயாது, பயறு எங்கே முளைக்கும்?

“லைட்டு போட்டு வளர்க்கலாம், அக்கா” என்றார் மாமா. அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் ஒயர்மேன்.

“கோழிமுட்டையா பொரிக்கப் போறே, மச்சான்?” என்றார் அப்பா.

“நீங்க பாருங்கலா, அத்தான்.”

மாமா சும்மா இருக்கிற ஆள் இல்லை. விதைப்பதற்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தேங்காய்ச் சிரட்டைகளில் பச்சைப்பயறு போட்டார். ஒன்றை அறையில் தொங்கிய குண்டு பல்புக்கு வெகு கீழே வைத்தார். இன்னொன்றுக்கு அதே பல்பை நீள ஒயரோடு இறக்கி, ஒட்டினாற்போல் சிறிது நேரம் பிடித்தார். மூன்றாவதை எங்கிருந்தோ கழற்றிக்கொண்டு வந்த பழைய குழல்விளக்குக்குக் கீழே வைத்தார். அதன் சோக் ராப்பகலாக உறுமியது. முன்னறைக்காரர்கள் வந்து, வீட்டுக்குள் வண்டு புகுந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

முதல் சிரட்டையில் பயறு நூல்போல வெளுத்து நீண்டு, தள்ளாடிச் சாய்ந்தது. இரண்டாவது கருகிச் சுருண்டது. குழல்விளக்குச் சிரட்டையில் குட்டையாக, கெட்டியாக, பச்சைப் பசேலென்று நின்றது.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினார். குண்டு பல்பு வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் கொடுக்கும், தூர வைத்தால் வெளிச்சம் பத்தாது, கிட்ட வைத்தால் பொசுக்கிவிடும். குழல்விளக்கு சுடாது, ஒரு சாண் தூரத்தில் வைக்கலாம். அப்பா கொட்டாவி விட்டார். அம்மா அரிசி புடைத்தாள். அத்தை மட்டும்தான் கேள்வி கேட்டாள்.

“குண்டு பல்பு எவ்வளவு கிட்ட வந்தா கருகும்?”

“நாலு விரக்கடை. அதுவே அதிகம்” என்றார் மாமா. கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்ற சந்தோஷம் அவருக்கு.

அம்மா விதைத்தாள். குழல்விளக்கு எரிந்தது. ஐந்து கிண்ணங்களும் தளதளவென்று வந்தன. தண்ணீர் தெளிப்பது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து அவற்றைப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் அம்மா பாலிகை பார்க்க வருவதாக இருந்தது. அன்று மத்தியானம் அம்மா வளையல் வாங்கப் போயிருந்தாள். நானும் அத்தையும்தான் வீட்டில். அத்தை என் சடையை அவிழ்த்து, சிவப்பு ரிப்பனைத் தன் மடியில் போட்டுக்கொண்டு வாரினாள். பாதியில் சீப்பை நிறுத்தினாள்.

“போய் ஐஸ் உருண்டை வாங்கித் தின்னுட்டு வா. மெதுவா வா.”

தலைவிரிகோலமாகப் போனேன். மெதுவாகவே தின்றேன். திரும்பி வந்தபோது அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்கதவு சாத்தியிருந்தது. “உள்ளே போகாதே, தலைவலி, சத்தம் ஆகாது” என்றாள். சத்தம் போடுவதற்கு உள்ளே யார் இருந்தார்கள்? கேட்கத் தோன்றவில்லை.

அம்மா வந்து கதவைத் திறந்தாள். கருகிய வாடை. குழல்விளக்கு அணைந்திருந்தது. கிண்ணங்கள் ஐந்தும் நெருக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் தலைமேல் குண்டு பல்பு தொங்கியது. பல்பு ஆடாமல் இருக்க அதன் ஒயரை நடுக்கிண்ணத்தின் கழுத்தோடு இழுத்துக் கட்டியிருந்தது என் சிவப்பு ரிப்பன்.

அம்மாவின் அறை அப்போதுதான் என் கன்னத்தில் விழுந்தது.

“ஆட்டம் போடாதேன்னு சொன்னேனாடி இல்லையா? குடியைக் கெடுத்துட்டியே!”

“நான் இல்லம்மா!”

“ரிப்பன் யாரோடது? உங்க பாட்டனோடதா?”

அத்தையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விடிந்ததும் மாமா என்னைத் தேக்கா மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். நேராக ஒரு சீனக் கிழவரிடம் போய், தவுகே என்று எல்லாரும் வாங்குகிற முளைப்பயற்றைக் கூடைக்கணக்கில் கேட்டார். கிழவர் மலாயில் விசாரித்தார். கல்யாணத்துக்கு என்று மாமா சொன்னதும் எங்களை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணத்துக்குக்கூட வேறு கறி வைக்க மாட்டார்களா என்று நினைத்திருப்பார். பாவப்பட்டு ஒரு பிடி அதிகம் போட்டார்.

அத்தை பக்கத்து வீட்டில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். தவுகே விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணப் பெண் மனசு சங்கடப்படுமாம். அம்மாவும் நானும் கருகியதைப் பிடுங்கிப் போட்டு, தவுகேயை ஒவ்வொன்றாக மண்ணில் குத்தினோம். மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்து, குத்துவிளக்குக்குப் பின்னால், கொஞ்சம் நிழலில் வைத்தோம்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். குனிந்தார்.

“வெள்ளிக் கம்பியாட்டம்ல வந்திருக்கு! யாரு வளர்த்தது?”

“எல்லாம் உங்க மருமக கைராசி” என்றாள் அம்மா.

அப்போதுதான் அத்தை மருதாணிக் கையோடு உள்ளே வந்தாள். கிண்ணங்களைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்துவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. பொண்ணுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது என்றார் மாப்பிள்ளையின் அம்மா. தவுகேயைக் கண்டுபிடித்துவிட்டாள், அதுதான் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

கல்யாணம் நடந்தது.

பாலிகையை ஓடும் தண்ணீரில் கரைக்க வேண்டும். எங்களுக்கு இருந்தது ரோச்சோர் கால்வாய்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய இடம். பெண்கள் கரையில் நின்று பாடினார்கள். அத்தை புதுத்தாலியோடு படியில் இறங்கினாள். கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

என் கோபம் ஆறவில்லை. ஆனால் அதற்குள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சீக்கிரம் வளரட்டும் என்றுதான் அத்தை விளக்கை இறக்கியிருக்கிறாள். தப்பாகிப் போனதும் பயந்து வாயை மூடிக்கொண்டாள். நல்லதுக்குத்தானே செய்தாள், போகட்டும். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

“இனிமே அவ்வளவு கிட்ட வைக்காதீங்க, அத்தை. கருகிடும்.”

“தெரியும்டி” என்றாள்.

எனக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது. “தெரிஞ்சா ஏன் வச்சீங்க?”

அத்தை கடைசிக் கிண்ணத்தையும் தண்ணீரில் கவிழ்த்தாள். தவுகே மொத்தமும் மிதந்து போனது. அவள் காலிக் கிண்ணத்தை அந்த அழுக்குத் தண்ணீரிலேயே கழுவினாள். மேலே இருந்து அம்மா நேரமாச்சு என்று கூப்பிட்டாள். அத்தை அதைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். கிண்ணம் எப்போதோ சுத்தமாகிவிட்டதே, இவள் ஏன் ஏறி வர மாட்டேன் என்கிறாள் என்று நான் எரிச்சலோடு நின்றேன்.