மேட்டுக்கு ஒரு மூட்டை கரி

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டார்களே, அந்தக் காலத்தில் எங்கள் பெரியப்பாவின் பஸ் கரியில் ஓடியது. சொன்னால் என் பேத்திகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு. அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, துருத்தியின் கைப்பிடியைத் தோள் கழன்று போகும்படி சுற்ற வேண்டும். கரி கனன்றதும் கிளம்பும் வாயு குழாய் வழியே போய் என்ஜினை ஓட்டும். ராசிபுரத்தில் வெள்ளை வேட்டியோடு ஏறியவர் தம்மம்பட்டியில் கறுத்த மூக்கோடு இறங்குவார்.

ஓட்டியவர் என் தாய்மாமா. எங்களுடையது தறிக்குடும்பம். எல்லாரும் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த வீட்டில் மாமா ஒருவர்தான் சக்கரத்தைப் பிடித்தவர். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பெருமை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், அவர் பக்கத்து ஸீட்டை யாருக்கும் விடமாட்டேன்.

அந்த வருஷம் பஸ்ஸுக்கு என்னவோ வந்துவிட்டது. நாமகிரிப்பேட்டை தாண்டி ஒரு மேடு உண்டு. முன்பெல்லாம் முக்கி முனகியாவது ஏறிவிடும். இப்போது பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். அது போதாதென்று கரியையும் அள்ளி அள்ளித் தின்றது. போக வர இரண்டு மூட்டையில் ஓடிய வண்டிக்கு மூன்று மூட்டை பற்றவில்லை.

பெரியப்பா கோபக்காரர். முதலில் கரிக்காரனைப் பிடித்து உலுக்கினார். ஈரக்கரி என்று வெயிலில் காயவைத்துப் பார்த்தார்கள். தூள்கரி என்று சலித்துப் பார்த்தார்கள். சூரமங்கலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து வடிகட்டியைக் கழற்றி அலசினார், குழாய் மூட்டுகளில் காற்று ஒழுகுகிறதா என்று ஊதுவத்திப் புகையைக் காட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கண்ணேறு என்று பூசணிக்காயும் உடைத்தாயிற்று. பஸ் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் பெரியப்பா சொல்லிவிட்டார்: “ஆடி முடியறதுக்குள்ள இது மேடேறோணும். இல்லாட்டி பழைய இரும்புக்குப் போட்டுப்போட்டு, மாப்ளே, நீ தறிக்குழில எறங்கு.”

மாமா தறிக்குழியிலா! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கோளாறு எங்கே என்று எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. மேட்டடியில் தினமும் நடப்பதுதானே! அங்கே வண்டியை நிறுத்தி, “சாம்பல் அடைச்சுக்கிச்சுங்க” என்று சொல்லிவிட்டு, மாமா பின்பக்கம் போய் அடுப்பின் கீழ்க்கதவைத் திறந்து நீளக் கம்பியால் இழுப்பார். விழுவது சாம்பல் இல்லை, செக்கச்செவேலென்று நெருப்புக்கரி. அங்கே ஒரு குடிசை. அதிலிருந்து ஓர் அக்கா இரும்புச் சட்டியோடு வந்து அதை வாரிக்கொள்வாள். அந்தக் கனலில்தான் அவள் கடலைக்காய் வறுத்து பஸ்காரர்களுக்கு விற்றாள். எனக்கு மட்டும் சும்மாவே ஒரு கை கிடைக்கும். முகவாயைப் பிடித்துக்கொண்டு, “சாப்ட்டியா சாமி? உங்கப்பனுக்கு இருமல் நின்னுச்சா?” என்று கேட்பாள். அப்பாவின் இருமல் அவ்வளவு தூரம் கேட்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒருநாள் பெரியப்பாவே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். மாமாவின் முகம் செத்துப்போயிற்று. மேட்டடியில் வண்டி வழக்கம்போல் மெதுவாகவில்லை. மாமா நேரே விட்டார். பஸ் திமுதிமுவென்று ஏறத் தொடங்கிற்று. கோளாறே இல்லை!

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “மாமா, சாம்பல் தள்ளலையா? அந்தக்கா சட்டியோட நிக்கிறாங்களே!”

பெரியப்பா ஜன்னல் வழியே திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். பிறகு, “நிறுத்து” என்றார்.

பின்னுக்கு உருட்டி மேட்டடியில் நிறுத்தினார் மாமா. அந்த அக்கா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு மரம்போல நின்றாள். தொலைந்தோம், இன்றைக்கு மாமாவுக்கு அடிதான் என்று எனக்கு அழுகை முட்டியது. பெரியப்பா இறங்கினார். கம்பியை எடுத்தார். துணிகூடச் சுற்றாமல் வெறுங்கையால் அடுப்புக் கதவைப் பிடித்துத் திறந்தார். சுரீரென்றது எனக்கே கேட்டது. கையை உதறாமல் இழுத்தார், இழுத்தார், மாமா ஒரு நாளும் இழுக்காத அளவுக்கு இழுத்துத் தள்ளினார்.

“அத்தனையும் எடுத்தா பஸ் ஏறாது பெரியப்பா!” என்று நான் கத்தினேன்.

“சும்மா இரு அம்மிணி” என்றவர், அந்த அக்காவின் பக்கம் திரும்பாமலே மாமாவிடம், “சட்டிய நல்லாப் புடிக்கச் சொல்லு மாப்ளே. கால்ல உளுந்துரப் போவுது” என்றார்.

அவளும் அவரைப் பார்க்காமல் மாமாவிடம்தான் சொன்னாள். “போதும்னு சொல்லுங்க.”

அன்று பஸ் என்றுமில்லாத அளவுக்குத் திணறியது. பெரியப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரோடும் தள்ளினார். வீட்டுக்கு வந்து, வெந்த கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, “வண்டி நல்லாத்தான் இருக்குது. மேடுதான் ஒசரம். நாளைலருந்து மேட்டுக்குன்னு ஒரு மூட்டை கரி சேத்தி ஏத்துங்க” என்று தீர்ப்புச் சொன்னார். பழைய இரும்புப் பேச்சு அதோடு போயிற்று. இவ்வளவு பெரிய மனிதருக்கு, கண்ணெதிரே இருந்த கோளாறு தெரியவில்லையே என்று எனக்கு இளக்காரம். மாமா பிழைத்தார், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

பெரியப்பா இறந்தபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடலைக்கார அக்கா வந்தாள். நான் வழிவிடவில்லை. அம்மாதான் என்னை இழுத்தாள்: “தள்ளிக்க புள்ள. உங்கப்பனோட கூடப் பொறந்தவ.”

எங்கள் வீட்டில் எனக்கு அத்தை என்று ஒருத்தி இருந்ததே அன்றுதான் தெரியும். சேலத்து வேதக்காரப் பையன் ஒருவனை மாதா கோயிலில் கட்டிக்கொண்டு போனவள். அவன் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை. அவள் முகத்திலேயே முழிப்பதில்லை என்று பெரியப்பா கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தாராம். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவர் என் மாமா. கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாத மாமா, அப்போது வாசலில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

அத்தை ஒப்பாரி வைக்கவில்லை. அண்ணனின் வலது கையை எடுத்து விரித்து, உள்ளங்கையில் இருந்த பழைய தீத்தழும்பைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.