கடுகு டப்பாவில் விழுந்த பாக் சோய்

பிள்ளைகளா, இதைப் படித்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

எங்கள் கம்பெனியில் புது மெஷின் பூட்டத் தைவானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்கு உதவியாக என்னைப் போட்டார்கள். எட்டாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷ் வராது. அவர் தன் போனில் பேசுவார், போன் எனக்குத் தமிழில் சொல்லும். ஒருநாள் கேண்டீனில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஏதோ பேசினார். “உங்கள் குழம்பிடம் என் வயிறு தோற்றுவிட்டது” என்றது போன்.

மனிதர் பிஸ்கட்டிலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஊர்க் கீரை பாக் சோய். அதன் விதை ஒரு பொட்டலம் பையில் இருந்தது, போட மண்தான் இல்லை. பொங்கல் கழித்து அவர் ஊருக்குப் போகிறார். அதற்குள் ஒரு வேளையாவது அந்தக் கீரையைக் கொடுத்துவிடுகிறேன் என்று நான் வாய்விட்டுச் சொல்லி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

புதுவாயலில் பஸ் இறங்கி வீடு வருவதற்குள் மழை. பொட்டலம் நனைந்துவிட்டது. விதையைத் தட்டில் பரப்பி, காயட்டும் என்று அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

“தட்டுல இருந்தது எங்க?”

“கடுகு தானே நைனா? அம்மா திட்டும்னு டப்பால போட்டுட்டேன்” என்றாள் சின்னவள். குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவள்!

டப்பாவைத் திறந்தேன். அதே நிறம், அதே உருண்டை. குலுக்கி வேறு வைத்திருந்தாள்.

“இன்னாங்க, பாக்கு பாக்குன்னு பொலம்பிக்கினு கீறீங்க? பாக்கு இவ்ளோ சின்னதாவா இருக்கும்?” என்றாள் உங்கள் அம்மா.

“பாக்கு இல்லடி, பாக் சோய்!”

வேறு வழி தெரியவில்லை. டப்பாவோடு கொண்டுபோய்ப் பின்னால் பாத்தியில் அத்தனையையும் விதைத்தேன்.

“அப்ப ரசத்துக்கு உங்க தைவான்காரரையா தாளிக்கிறது?”

முளைத்ததெல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் தினமும் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டு வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது. கடுகின் இலை சொரசொரப்பாக, ஓரம் ரம்பம் மாதிரி. நடுநடுவே பத்துப் பன்னிரண்டு செடிகள் மட்டும் கரண்டி போல் வழவழவென்று வந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். பாத்தி பளிச்சென்று இருந்தது.

“களையெல்லாம் புடுங்கிட்டேன்” என்றாள் உங்கள் அம்மா. “கடுகுக்கு நடுவுல வழவழன்னு இன்னாவோ வளந்துக்கினு இருந்துச்சு. பக்கத்து ஊட்டு ஆட்டுக்குப் போட்டேன். இன்னா ஆசையா துண்ணுச்சு தெரியுமா!”

“அதுதாண்டி பாக் சோய்!”

“சொல்றதுக்கு இன்னா? ஊமையாட்டம் பாத்துக்கினே இருந்தா எனக்கு ஜோசியமா தெரியும்?”

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடலைத் தாண்டி வந்த மனிதருக்குக் கிடைக்காதது பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கிடைத்துவிட்டது. அப்போது பெரியவள்தான், “நைனா, போர் பைப் சந்துல ஒண்ணு கீது” என்று கத்தினாள்.

ஒன்றே ஒன்று. அதன்மேல் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக் கல்லை வைத்தேன். அம்மாவோடு சேர்த்து உங்கள் மூவரையும் அந்தப் பக்கமே விடவில்லை.

அவர் புறப்படுவதற்கு முதல் நாள், ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். ஒரு செடிதான், கொடுக்கவே வெட்கமாக இருந்தது. அதன் அடியை அறுத்துத் தனியாக வைத்துவிட்டு அவர் கெட்டிலில் நூடுல்ஸோடு வேகவைத்தார். தண்ணீரைக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தார். அப்புறம்தான் போன் பேசியது. “இதை மீண்டும் மண்ணிடம் கொடுங்கள்.” அறுத்து வைத்திருந்த அடிக்கட்டையை என் கையில் வைத்தார்.

அன்று சாயந்திரம் நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள், அம்மா ரேஷன் கடைக்கு. உடைந்த வாளி ஒன்றில் மண் போட்டு அந்தக் கட்டையை நட்டேன். பெரியவளின் மார்க்கரை எடுத்து, வாளியின் மேல் கொட்டை எழுத்தில் ‘கடுகு இல்லை’ என்று எழுதினேன். இரண்டடி நடந்தவன் திரும்பி வந்து, அதன் கீழே ‘களையும் இல்லை’ என்று சேர்த்தேன்.