கோரைக்கிழங்கும் அண்ணனின் குட்டி டிராக்டரும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, "நீதான் அவரோட ஓயாம சண்ட போட்டவ, நீயே எழுது" என்று அண்ணி சொல்லிவிட்டார். ஆகவே தங்கையாகிய நான் எழுதுகிறேன். அண்ணனைத் தெய்வமாக்கி எழுத எனக்கு வராது. அப்படி எழுதினால் அவரே விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அண்ணன் பிறந்தது முடிச்சூரில், நாங்கள் இன்றும் குடியிருக்கும் இதே வீட்டில். அப்பா விவசாயி. குழந்தையாய் இருக்கும்போதே இளம்பிள்ளை வாதம் வந்து அண்ணனின் இடது கால் சூம்பிவிட்டது. தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பார். அப்பாவுக்கு அவர்மேல் கொள்ளைப் பாசம். அந்தப் பாசத்தாலேயே அவரைக் கழனியில் இறங்க விட்டதில்லை. நாங்களெல்லாம் சேற்றில் நின்று களை எடுக்கும்போது, வரப்பில் கோணியை விரித்து, "நீ குந்து கண்ணு, காலு வலிக்கும்" என்பார். அண்ணனும் குந்தியிருப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியாது.

ஐ.டி.ஐ. முடித்து, மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். எண்பதுகளில் எங்கள் ஊர்க் கழனிகள் ஒவ்வொன்றாக மனைகளாயின. அப்பாவும் விற்றார். கிணற்றோடு சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் மட்டும் மிஞ்சியது. மாடுகளும் போய்விட்டதால் அது தரிசாகக் கிடந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஏர் ஓட்ட ஆளு இல்ல. பொங்கலுக்கு மேல இதையும் குடுத்துடலாம்."

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "நான் ஓட்றேன். பொங்கல் வரிக்கும் விடுப்பா" என்றார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு காயலான் கடையில் அந்தக் குட்டி டிராக்டர் கிடந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் ஏதோ பங்களாத் தோட்டத்துக்காகக் கப்பலில் வந்ததாம். அண்ணனைவிட வயதில் மூத்தது. பின்னால் மண்ணைக் கிளறும் கத்திகள் சுழலும் ஒரு பெட்டி மாட்டிக்கொள்ளலாம். ஞாயிறுதோறும் அதோடு மல்லுக்கட்டினார் அண்ணன். காலால் மிதிக்கும் கிளட்சைக் கையால் இழுக்கும்படி மாற்றிவிட்டார். ஆடியில் மழை தூறிய மறுநாள் அதைத் தெருவில் இறக்கினார். "இன்னாப்பா, தையல் மிஷினு மாதிரி கீது, இது ஏர் ஓட்டுமா?" என்று பக்கத்துத் தெருக்காரர் கேட்டார். அது ஓட்டியது. தடதடவென்று ஊரையே கூட்டிக்கொண்டு ஓட்டியது. உட்கார்ந்தபடியே எங்கள் அண்ணன் நிலத்தை உழுதுகொண்டு போனார். மறைக்காமல் சொல்கிறேன், நான் அழுதேன்.

பாத்தி கட்டிக் கீரை விதைத்தோம். ஒரே வாரத்தில் நிலம் பச்சைப்பசேல் என்றாகிவிட்டது. அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கு லேசாய்ச் சந்தேகம் வந்தது, ஆனால் அவர் குதூகலத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. புதுக் காலனிக்குக் குடிவந்திருந்த கணக்கு டீச்சரை, "வாங்க டீச்சர், எம்மாம் கீரை பாருங்க" என்று கையோடு அழைத்து வந்தார். அப்பாவும் வந்தார். குனிந்து ஒன்றைப் பிடுங்கினார். அடியில் கருப்பாக ஒரு கிழங்கு தொங்கியது.

"கீரை இல்லடா, கோரை" என்றார்.

கோரைக்கிழங்கைத் துண்டாக்கினால் துண்டுக்குத் துண்டு முளைக்கும். அண்ணனின் கத்திகள் மண்ணுக்குள் இருந்த கிழங்கையெல்லாம் நறுக்கி, நிலம் முழுக்க ஒரே சீராய் விதைத்திருந்தன. "கோரைக்கு இம்மாம் அழகா எவனும் பாத்தி கட்டுனதில்ல" என்று அப்பா சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. "சின்னதுலேர்ந்து என்னையும் களை எடுக்க வுட்டுருந்தா, எது கோரைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" என்றார். அவர் அப்பாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் கீரைக்காகக் கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமனே எடுத்துக்கொண்டு மெல்ல வீட்டுக்குப் போய்விட்டார்.

அடைமழை ஓய்ந்ததும் அண்ணன் தினமும் வேலையிலிருந்து வந்து, நிலத்தில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து கிழங்கு பொறுக்க ஆரம்பித்தார். சட்டையெல்லாம் சேறு. அம்மா திட்டினார். மார்கழியில் ஒரு மாலை, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். "நீ அங்கேர்ந்து வா. நான் இங்கேர்ந்து வரேன்" என்றார். அவ்வளவுதான். அதன்பின் தினமும் இருவரும் பொறுக்கினார்கள்.

பொங்கல் முடிந்ததும், அப்பா முன்பே சொல்லிவைத்திருந்த நிலத் தரகர் தவறாமல் வந்துவிட்டார். அப்பா வாசலிலேயே நிறுத்தி, "இப்ப இல்லப்பா, புள்ள பயிர் வெச்சிகினு கீறான்" என்றார். தரகர் எட்டிப் பார்த்தார். ஒரு புல் பூண்டு இல்லை, வெறும் மண். அப்பா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அந்தக் கத்திரி வெயிலில் அண்ணன் காய்ந்த நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுதார். மேலே வந்த கிழங்குகள் வெயிலில் சுருங்கிச் செத்தன. அடுத்த ஆடியில் விதைத்தது நிஜமாகவே கீரையாக முளைத்தது. முதல் கட்டு டீச்சர் வீட்டுக்குப் போனது.

தொண்ணூறுகளில் காலனிக்காரர்கள் வீட்டுத் தோட்டங்களுக்கும் அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக்டரில் அவர் தெருவைக் கடக்கும் தோரணையைப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது. "இங்க கோரை கீதா?" என்று கேட்காமல் எந்த வீட்டிலும் இன்ஜினைக் கிளப்ப மாட்டார். கல்யாணமான வருடமே அண்ணிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதற்காக உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் இருவருமே போய் உழுது கொடுத்தார்கள்.

கடைசி மாதங்களில் சிறுநீரகக் கோளாறால் அண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணி வீட்டுக்குப் பின்னால் உழும் சத்தத்தைப் படுக்கையிலிருந்தே கேட்டு, "ஆழமா போவுது, கொஞ்சம் தூக்கச் சொல்லு" என்று என்னைத் துரத்துவார். அண்ணி திருப்பிக் கத்துவார், "எனக்குத் தெரியும்!" அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். அவர் போய்விட்டதை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

மருத்துவமனையில் முறைவைத்து உடனிருந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், சொந்தப் பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு அனுப்பிய காலனி வீடுகளுக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று இந்த நினைவுநாள் சாப்பாட்டில் உங்கள் இலையில் விழும் அவரைக்காயும் புடலங்காயும் வாழைக்காயும் அந்தத் துண்டு நிலத்தில், அண்ணி உழுது விளைவித்தவை. வயிறார உண்டபின் பின்பக்கம் போய் ஒரு நடை தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். அண்ணன் இருந்திருந்தால் பார்க்காமல் உங்களை விட்டிருக்க மாட்டார்.